அச்சத்தையும் அளந்து சொல்வோம்

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத அமர்ந்தால் ஒழுக்கம், காலந்தவறாமை, நூலகத்தின் பயன் என்று பெரிய தலைப்புகளே முதலில் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி எழுத எங்களைவிடத் தகுதியுடையோர் பலர் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய பொருள். 'பயமாக இருக்கிறது' என்னும் இரண்டு சொற்களை ஆங்கிலத்தில் இயல்பாகவும் சரியாகவும் எவ்வாறு சொல்வது என்பதே அது.

'இதற்கு ஒரு கட்டுரையா? இலக்கணப் புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு மேல் வராதே!' என்று சிலர் நகைக்கலாம். சென்ற ஆண்டு வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். விடுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு எங்கள் கருத்தைக் கூறுகிறோம்.

விடுதியில் வார நாள்களில் ஆங்கிலத்திலேயே பேச வேண்டும் என்பது விதி. தமிழில் பேசினால் உண்டியலில் ஒரு ரூபாய் போட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு தங்கை கடலோரக் கிராமத்தைச் சேர்ந்தவள். அவளுடைய அப்பா இரண்டு நாள் முன்புதான் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். வீட்டுக்குத் தொலைபேசியில் பேச அனுமதி கேட்பதற்காக அவள் விடுதிப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் ஓடினாள். அந்த சிஸ்டர் வேறு மாநிலத்திலிருந்து அந்த ஜூன் மாதம்தான் வந்தவர். தங்கமான மனம் உடையவர். ஆனால் தமிழ் இன்னும் பழகவில்லை.

'சிஸ்டர், ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் மை ஃபாதர்' என்றாள் அவள். அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. மேற்கொண்டு ஒரு சொல்லும் பேச முடியவில்லை.

அவள் சொல்ல நினைத்தது, 'அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பயமாக இருக்கிறது' என்பதை. சிஸ்டரின் காதில் விழுந்ததோ, 'அப்பாவைக் கண்டாலே எனக்குப் பயம்' என்பது! சிஸ்டர் அவளை அணைத்துக்கொண்டார். 'நீ அவரோடு பேச வேண்டியதில்லை, இங்கே உனக்கு ஓர் ஆபத்தும் வராது' என்று ஆங்கிலத்தில் ஆறுதல் கூறினார். தொலைபேசியில் பேச அனுமதி இல்லை என்பது மட்டுமே அவளுக்குப் புரிந்தது. வியாழன் இரவும் வெள்ளி இரவும் அவள் உறங்கவில்லை.

சனிக்கிழமை பெற்றோர் வரும் நாள். வியாழன் மாலையே நல்லபடியாகக் கரை சேர்ந்துவிட்ட அந்த அப்பா, மகளுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தார். அவரைப் பார்வையாளர் அறையில் நிறுத்தி, 'உங்கள் மகள் உங்களைப் பார்க்கவே பயப்படுகிறாள்' என்று காவலாளி மூலமாகச் சொன்னார்கள். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். மகளை அழைத்து வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, 'ஏம்மா, நான் உன்னை என்னைக்காவது கை நீட்டி அடிச்சிருக்கேனா?' என்பதுதான்.

அப்புறம் எல்லாம் விளங்கிற்று. சிஸ்டர் அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவரும் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். இதை எழுத அந்தத் தங்கை எங்களுக்கு இசைவு தந்திருக்கிறாள். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

இதில் சிஸ்டர்மேல் குற்றம் இல்லை. தந்தையைக் கண்டு அஞ்சுவதாக ஒரு பெண் சொன்னால், பொறுப்புள்ள எவரும் அப்படித்தான் காப்பாற்ற முனைவார்; முனையவும் வேண்டும். அப்படியானால் பிழை எங்கே?

தமிழில் நாம் 'நாய்க்குப் பயம்', 'பாம்புக்குப் பயம்', 'இருட்டுக்குப் பயம்' என்கிறோம். நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' வந்தால் ஆங்கிலத்தில் 'ஃபார்' போட வேண்டும் என்பது எப்படியோ நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆகவே சிறு வகுப்பில் 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஃபார் தி டாக்' என்று எழுதுவோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடைய ஒருவர் அதைப் படித்தால், 'ஐயோ பாவம், அந்த நாய்க்கு ஏதோ ஆபத்துப் போலிருக்கிறது. இந்தப் பெண் அதை எண்ணிக் கலங்குகிறாள்' என்றே கொள்வார். ஆசிரியை 'ஃபார்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து 'ஆஃப்' என்று திருத்துவார். 'அஃப்ரெய்ட் வந்தால் ஆஃப்' என்று நாமும் பத்து முறை எழுதுவோம். கோடிட்ட இடத்தை நிரப்பி முழு மதிப்பெண்ணும் வாங்குவோம்.

அந்தத் தங்கையும் அப்படிப் படித்தவள்தான். அவள் அன்று சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் ஒரு சிவப்புக் கோடுகூட விழுந்திராது. ஆனால் அது உண்மை இல்லை! தான் உயிராக நேசிக்கும் அப்பாவைப் பற்றி, தன் வாயாலேயே அவள் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள்.

'ஆஃப்' என்பது ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுகிறது. 'ஃபார்' என்பது ஆபத்து யாருக்கு என்பதைக் காட்டுகிறது. புயலைக் கண்டு அஞ்சினால் 'அஃப்ரெய்ட் ஆஃப் தி ஸ்டார்ம்'. கடலில் இருக்கும் அப்பாவுக்காக அஞ்சினால் 'அஃப்ரெய்ட் ஃபார் மை ஃபாதர்'. இந்த ஒரு சிறு சொல்லை வெறும் மனப்பாடமாக அன்றிப் பொருளோடு கற்றிருந்தால், இரண்டு இரவுக் கண்ணீர் மிஞ்சியிருக்கும்.

எங்களிடமும் ஒரு குறை உண்டு. அதையும் மறைக்க விரும்பவில்லை. எங்களுள் இருவருக்கு வெள்ளிக்கிழமை இரவே விஷயம் தெரியும். போய் சிஸ்டரிடம் விளக்கியிருக்கலாம். அபராதத்துக்கும், ஆங்கிலம் தடுமாறினால் வரும் சிரிப்புக்கும் அஞ்சி வாயை மூடிக்கொண்டோம். அந்த அச்சத்தையே ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். 'வீ வேர் அஃப்ரெய்ட் டு ஸ்பீக்' என்றால் பேச அஞ்சினோம், அதனால் பேசாமல் இருந்துவிட்டோம் என்று பொருள். 'வீ வேர் அஃப்ரெய்ட் ஆஃப் மேக்கிங் மிஸ்டேக்ஸ்' என்றால் பிழை நேர்ந்துவிடுமோ என்று அஞ்சினோம் என்று பொருள். முன்னது நாம் செய்யத் தயங்கிய செயலைச் சொல்கிறது. பின்னது நம்மை அறியாமல் நேரக்கூடிய விளைவைச் சொல்கிறது. கிணற்று மேட்டில் நிற்கும் சிறுமி குதிக்கத் தயங்கினால் 'அஃப்ரெய்ட் டு ஜம்ப்'. கால் வழுக்கி விழுந்துவிடுவோமோ என்று நடுங்கினால் 'அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்'. விழ வேண்டும் என்று யாரும் முடிவு செய்து விழுவதில்லை அல்லவா? அதனால்தான் அங்கே 'டு' பொருந்தவில்லை.

நம் வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் வேறு சில வாக்கியங்களையும் பார்ப்போம். 'ஐ ஆம் ஃபியரிங்' என்கிறோம். 'பயந்துகொண்டிருக்கிறேன்' என்பதன் நேர் மொழிபெயர்ப்பு அது. ஆனால் ஆங்கிலத்தில் 'ஃபியர்' என்னும் வினைச்சொல் மனநிலையைக் குறிப்பது. சாதாரணமாக அந்த வடிவத்தில் வராது. அன்றாடப் பேச்சில் அவர்கள் 'ஐ ஃபியர்' என்றுகூட அதிகம் சொல்வதில்லை. அது ஏட்டு நடை. 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' அல்லது 'ஐ ஆம் ஸ்கேர்ட்' என்பதே இயல்பு.

'ஃபியர் இஸ் கமிங் டு மீ' என்று நம்மில் ஒருத்தி எழுதினாள். தமிழில் பயம் நமக்கு வருகிறது. பசியும் தூக்கமும் கோபமும்கூட நமக்கு வருகின்றன. ஆங்கிலத்திலோ அஞ்சுகிறவரே வாக்கியத்தின் தலைவாயிலில் நிற்கிறார். வீடு ஒன்றே, வாசல்தான் வேறு பக்கம். இதை உணர்ந்துவிட்டால் பாதிப் பிழைகள் தாமே உதிர்ந்துவிடும்.

'ஐ ஆம் ஃப்ரைட்டனிங்' என்றால் 'நான் பயப்படுகிறேன்' என்று நினைத்துக்கொள்கிறோம். 'என்னைக் கண்டால் பிறர் அஞ்சுவர்' என்பதே அதன் பொருள்! பயந்தவள் 'ஃப்ரைட்டண்ட்'; பயமுறுத்துவது 'ஃப்ரைட்டனிங்'. 'அஃப்ரெய்ட்' என்னும் சொல்லுக்கும் ஒரு தனிக்குணம் உண்டு. அது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்காது. 'தி கேர்ள் இஸ் அஃப்ரெய்ட்' சரி. 'அன் அஃப்ரெய்ட் கேர்ள்' என்பது இயல்பன்று. அவ்விடத்தில் 'எ ஃப்ரைட்டண்ட் கேர்ள்' என்பார்கள்.

அச்சமே இல்லாத இடத்திலும் 'அஃப்ரெய்ட்' வருவது ஒரு வேடிக்கை. எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணன் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் தி போஸ்ட் ஹாஸ் பீன் ஃபில்ட்' என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டியபோது அவளுடைய அம்மா, 'வேலை கொடுக்கிறவங்க எதுக்குடி பயப்படணும்? நாம என்ன பண்ணிட்டோம்?' என்று கேட்டார்களாம். அங்கே அது வருத்தத்தைப் பணிவோடு தெரிவிக்கும் சொல். 'வருந்துகிறோம், அந்த இடம் நிரம்பிவிட்டது' என்பதே பொருள்.

அடுத்தது அளவு. கடைக்குப் போனால் அரைக் கிலோ, கால் கிலோ என்று அளந்து வாங்குகிறோம். பயத்தை மட்டும் ஏன் ஒரே படியால் அளக்க வேண்டும்? மேடையில் ஏறுமுன் உள்ளங்கை வியர்த்தால் அது 'நெர்வஸ்'. தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா என்று மனம் அரித்தால் 'வரீட்'. தேர்வு முடிவு வரும்வரை இனம்புரியாத கலக்கம் நீடித்தால் 'ஆங்ஷியஸ்'. தெருநாய் குரைத்துக்கொண்டு வந்தால் 'ஸ்கேர்ட்' அல்லது 'ஃப்ரைட்டண்ட்'. பின்னாலிருந்து ஒருத்தி தோளைத் தட்ட, துள்ளி விழுந்தால் 'ஸ்டார்ட்டில்ட்'. வருகிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை எண்ணி நாள்தோறும் குமைந்தால் 'ட்ரெட்'. அச்சத்தில் புத்தி தடுமாறிக் கண்மண் தெரியாமல் ஓடினால் 'பானிக்'. உயிரே போய்விடும்போல் நடுங்கினால்தான் 'டெரிஃபைட்'. இவற்றுள் 'ஆங்ஷியஸ்' என்பதற்கு ஒரு கண்ணி உண்டு. 'ஆங்ஷியஸ் அபவுட்' என்றால் கவலை; 'ஆங்ஷியஸ் டு மீட் யூ' என்றால் சந்திக்க ஆவல்!

இச்சொற்களின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பாக இருக்கிறது. 'ஆங்ஷியஸ்' என்பதன் மூலமாகிய லத்தீன் சொல்லுக்கு நெரித்தல் என்று பொருள். 'வரி' என்பதன் பழைய ஆங்கில மூலத்துக்கும் கழுத்தை நெரித்தல் என்பதே பொருள். நாமும் 'தொண்டையை அடைக்கிறது' என்கிறோமே! 'ஹாரர்' என்பது மயிர் சிலிர்த்து நிற்றலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய மயிர்க்கூச்சம்தான் அது. 'அலாரம்' என்பது 'ஆயுதம் எடுங்கள்' என்னும் இத்தாலியக் கூக்குரலிலிருந்து வந்தது. 'பெட்ரிஃபைட்' என்றால் அச்சத்தால் கல்லாய்ச் சமைந்தவர். புனித பேதுருவின் பெயர் எந்தப் 'பாறை'யிலிருந்து வந்ததோ அந்தப் பாறையே இதிலும் இருக்கிறது. உடல் அறிந்த உண்மையைத்தான் எந்த மொழியும் சொல்லாக்கி வைத்திருக்கிறது.

ஆனால் சொல்லின் பிறப்பு வேறு, இன்றைய வழக்கு வேறு என்பதையும் மறக்கலாகாது. 'டெரிஃபிக்' என்னும் சொல் ஒரு காலத்தில் அச்சமூட்டுவதைக் குறித்தது. இன்று 'டெரிஃபிக்' என்றால் 'பிரமாதம்' என்று பொருள். விபத்தைப் பற்றிய கட்டுரையில் அதை எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

இதனால்தான் ஒருபொருட் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதால் மட்டும் பயன் இல்லை என்கிறோம். பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர் 1852-இல் வெளியிட்ட 'தெசாரஸ்' சொற்களை இனம் இனமாகத் தொகுத்துத் தந்தது. மிகப் பயனுள்ள நூல்தான். ஆனால் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்பதனால் அச்சொற்கள் எல்லாம் ஒன்றாகிவிடுமா? ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் நாங்கள் ஐவரும் ஒருத்தியாகிவிடுவோமா? ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி இக்குறையை நன்கு அறிந்திருந்தார். பிறமொழியாளர் ஆங்கிலம் கற்பதற்கென்றே அவரும் துணைவர்களும் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. ஒரு சொல்லின் பொருளோடு, அது எந்தச் சொல்லோடு சேரும், எவ்வாறு வாக்கியத்தில் அமரும் என்பதையும் அது காட்டியது. நம் நூலகத்தில் அவ்வகை அகராதியை எடுத்துப் பாருங்கள். பொருளை மட்டும் படித்துவிட்டு மூடாமல், எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள். அங்கேதான் 'ஆஃப்'பும் 'ஃபாரு'ம் 'டு'வும் உட்கார்ந்திருக்கின்றன.

மரபுத்தொடர்களிலும் இதே கதைதான். 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் கேட்பவர் மருந்துக் கடைக்கு வழி சொல்வார். அவர்கள் மேடைப் பயத்தை 'வயிற்றில் பட்டாம்பூச்சிகள்' என்பார்கள். இதயம் வாய்க்கு வந்துவிட்டது என்பார்கள். கடைசி நேரத்தில் துணிவிழந்தவருக்குக் 'கால் குளிர்ந்தது' என்பார்கள். அவற்றைத் தமிழாக்கினால் நமக்கும் சிரிப்புத்தான் வரும். மரபுத்தொடர் இயல்பாக நாவில் வராதபோது எளிய சொற்களே போதும். 'ஐ வாஸ் வெரி ஸ்கேர்ட்' என்பதில் ஒரு குறைவும் இல்லை.

இங்கே நம் மாணவியரின் கட்டுரைகளைப் பற்றி ஒரு சொல். பெரிய சொல் எழுதினால் பெரிய மதிப்பெண் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கரப்பான் பூச்சிக்கு 'டெரிஃபைட்'. கணக்குத் தேர்வுக்கு 'டெரிஃபைட்'. புதிய ஆசிரியைக்கும் 'டெரிஃபைட்'. 'புலி வருது, புலி வருது' என்று விளையாட்டாகக் கத்திய சிறுவனின் கதையைச் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். உண்மையான புலி வந்தபோது அவனுக்குச் சொல் மிச்சமில்லை. நாமும் நல்ல சொற்களை எல்லாம் கரப்பான் பூச்சிக்கே செலவழித்துவிட்டால், நாளை உண்மையாகவே நடுங்கும்போது எதைச் சொல்லிக் கூப்பிடுவோம்? கூப்பிட்டாலும் யார் நம்புவார்?

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் கொடியது. பெரிய அச்சத்தைச் சிறிய சொல்லால் மூடிவிடுவது. பேருந்தில் ஒருவன் நாள்தோறும் பின்தொடர்கிறான். உறவினர் ஒருவர் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை. இவற்றை 'கொஞ்சம் கவலையாக இருக்கிறது' என்று சொல்லி நிறுத்திவிடும் பெண்கள் நம்மிடையே இருக்கலாம். கேட்பவர் அந்தச் சிறிய சொல்லுக்குத் தக்கபடி சிறிய ஆறுதல் கூறிவிட்டுப் போய்விடுவார். யாரைக் கண்டு அஞ்சுகிறோம், எங்கே, எப்போது, எவ்வளவு என்பதை உள்ளபடி சொன்னால்தான் உதவி செய்ய விரும்புகிறவராலும் உதவி செய்ய முடியும். சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது அழகுக்காக மட்டும் அன்று, நம் பாதுகாப்புக்காகவும்தான்.

'அப்படியானால் ஆங்கிலம் நன்றாக வந்தால் போதுமா?' என்று கேட்கலாம். போதாது என்பதே எங்கள் எண்ணம். மனத்தில் தெளிவாகாதது எம்மொழியிலும் தெளிவாக வராது. 'அப்பாவை நினைத்தால் பயமாக இருக்கிறது' என்று தமிழில் சொன்னாலும் அது இருபொருள் தரும் வாக்கியம்தானே! 'அப்பாவிடம் பயம்' என்றோ, 'அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்று பயம்' என்றோ பிரித்துச் சொல்ல நமக்குத் தமிழிலேயே பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்கு நம்மிடம் செல்வம் குறைவில்லை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆள்வோர் என்னும் நான்கின் காரணமாகப் பிறக்கும் என்று வகுத்தார். அச்சத்தைச் சொல்லும்போது அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதை அன்றே காட்டிவிட்டார் அன்றோ! திருவள்ளுவரும் அச்சத்தை ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. தீவினைக்கு அஞ்சுவது நன்று என்பதற்கு ஓர் அதிகாரம். ஆள்வோர் குடிமக்கள் அஞ்சும்படி நடக்கலாகாது என்பதற்கு ஓர் அதிகாரம். கற்றோர் அவையில் அஞ்சாமல் பேசுவதற்கு ஓர் அதிகாரம். கலக்கம், பதற்றம், திகில், கிலி, பீதி, உதறல், தயக்கம், கூச்சம் என்று நம் பாட்டிமார் நாவில் எத்தனை சொற்கள்! இவற்றை எல்லாம் விட்டுவிட்டு 'பயம்' ஒன்றையே பிடித்துக்கொண்டிருப்பவளுக்கு ஆங்கிலத்திலும் 'ஃபியர்' ஒன்றுதான் கிடைக்கும்.

மறைக்கல்வி வகுப்பில் தூய ஆவியின் கொடைகளுள் ஒன்றாகத் தெய்வ பயத்தைப் படிக்கிறோம். ஆங்கிலத்திலும் 'காட் ஃபியரிங்' என்பார்கள். கடவுளைக் கண்டு ஒளிந்துகொள்பவர் என்று அதற்குப் பொருள் இல்லை. பக்தியும் நேர்மையும் உள்ளவர் என்பதே பொருள். அன்புள்ள தந்தையின் மனம் நோகக் கூடாதே என்று தயங்கும் மகளின் உணர்வு அது. அடிக்கு அஞ்சும் பயமும் அன்புக்கு அஞ்சும் பயமும் ஒரே சொல்லில் குடியிருக்கும்போது, எது எது என்று பகுத்தறிவது நம் கடமையாகிறது.

இறுதியாக, எங்கள் சிறு வேண்டுகோள்களை மிகுந்த பணிவுடன் முன்வைக்கிறோம்.

அருட்சகோதரியருக்கும் ஆசிரியைகளுக்கும்: ஆங்கிலம் பேசும் விதி எங்களுக்கு நன்மை செய்கிறது, அதை நீக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு அன்று ஒரு நாள் அந்த விதி வேண்டாம். அவள் தமிழில் கொட்டித் தீர்க்கட்டும். மொழிபெயர்க்க எங்களைக் கூப்பிடுங்கள், ஓடி வருகிறோம். வகுப்பிலும் 'அஃப்ரெய்ட்' போன்ற சொற்களைக் கோடிட்ட இடங்களாக மட்டும் நடத்தாமல், இரண்டு வாக்கியங்களை அருகருகே எழுதிப் பொருள் வேறுபாட்டைக் கேட்டால் எங்களுக்கு மறக்காது.

பெற்றோருக்கு: உங்கள் பெண் 'பயமாக இருக்கிறது' என்றால், 'இதுக்கெல்லாமா பயம்? வயசுப் பொண்ணு பேசுற பேச்சா?' என்று உடனே அடக்கிவிடாதீர்கள். 'எதைக் கண்டு பயம்? யாருக்காகப் பயம்?' என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளே அவளுக்கு நல்ல மொழிப் பயிற்சியும் ஆகும்.

தோழியருக்கும் தங்கையருக்கும்: ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வோம். இன்று எதற்கு அஞ்சினோம், எவ்வளவு அஞ்சினோம் என்பதை முதலில் தமிழில் ஒரு வரியும், பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதுவோம். ஐயம் வந்தால் அகராதியைப் பார்ப்போம். அதிலும் தீராவிட்டால் ஆசிரியையைக் கேட்போம். வீட்டிலோ விடுதியிலோ சொல்ல முடியாத அச்சம் எதுவும் இருந்தால், குழந்தைகளுக்கான 1098 என்னும் உதவி எண் இருக்கிறது. அங்கே தமிழிலேயே பேசலாம். ஒருவரும் அபராதம் கேட்கமாட்டார்கள்.

இந்த மலர் அச்சுக்குப் போகுமுன் இக்கட்டுரையை அந்தத் தங்கைக்குப் படித்துக் காட்டினோம். முழுவதையும் கேட்டுவிட்டு, 'அக்கா, இந்த வருஷமும் மழைக்காலம் வந்தா எனக்குப் பயமாத்தான் இருக்கும்' என்றாள். 'எதுக்குப் பயம்? இங்கிலீஷில் சொல்லு' என்றோம். சற்று யோசித்தாள். 'ஐ ஆம் ஸ்கேர்ட் ஆஃப் தி ஸீ. ஐ ஆம் அஃப்ரெய்ட் ஃபார் மை ஃபாதர்' என்றாள்.

இரண்டும் சரி. அருகில் நின்ற சிஸ்டர், 'பயம்... அப்பாவுக்காக' என்று மெல்லத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவரும் இப்போது தமிழ் கற்று வருகிறார். நம் பள்ளியில் எந்தப் பெண்ணின் அச்சமும் பொருள் மாறிப் போகாத நிலை வர வேண்டும் என்பதே எங்கள் அவா.